கிளைமாக்ஸ்ல மட்டும் பூசணம்

நாலு நாளா வெயிலே இல்ல. கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க பனி ஏறி உக்காந்திருக்கு, எதிர் வீட்டு தகரக் கூரை கூட தெரியல, காலைல காயப்போட்ட துணிய சாயங்காலம் இன்னும் கொஞ்சம் ஈரமா எடுத்துட்டு வர வேண்டியிருக்கு. வடகிழக்கு மழை ஆரம்பிச்சா எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒவ்வொரு கவலை, ரோட்டுல மண்ணு சரியுமா, பீன்ஸ் அழுகிடுமா, கரண்ட் எப்ப வரும்னு. எனக்கு டிஸ்க் பீரோ.

திறந்தா அந்த வாசனை. ஊட்டி குன்னூர் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லாமலே புரியும், கல்யாணப் பட்டுப்புடவை, செருப்பு, பழைய ஆல்பம் எல்லாத்துலயும் இருக்குமே, அதே பூசண வாசனைதான். மொத்தம் 612 டிஸ்க் இருக்கு என்கிட்ட, விசிடி, டிவிடி, ப்ளூரே எல்லாம் சேத்து. முன்னாடி பீரோக்குள்ள ஒரு நாப்பது வாட்ஸ் குண்டு பல்ப மாட்டி விட்டுடுவோம், மழைக்காலம் முழுக்க எரிஞ்சுட்டே இருக்கும், அந்த சூட்டுக்கு பூசணம் கிட்ட வராது. இப்ப வீடு பூரா எல்ஈடி, அதுல வெளிச்சம் வருதே தவிர சூடு எங்க வருது, கரண்ட் பில் குறைஞ்சுது, படங்க எல்லாம் பூத்துடுச்சு. குண்டு பல்ப் எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க, நான் ஒரு டஜன் வாங்கிக்கறேன்.

அதனால இந்த வருஷம் ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன், எந்த டிஸ்க்க கழுவுறனோ அந்தப் படத்த அன்னிக்கு ராத்திரியே முழுசா பாத்தாகணும். பாதில ஓட்டிப் பாத்துட்டு ஓடுது ஓகேன்னு திரும்ப உள்ள வைக்கறதெல்லாம் கிடையாது. ஏன்னா ஓட்டிப் பாக்குற ஆளுங்க எல்லாரும் முதல் பத்து நிமிஷம்தான் பாப்போம், அங்க எப்பவும் நல்லாதான் இருக்கும். கிராமபோன் ரெக்கார்டுல ஊசி வெளி ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வரும்ல, டிஸ்க் அதுக்கு நேர் தலைகீழ், லேசர் நடு ஓட்டை பக்கத்துல ஆரம்பிச்சு ஓரத்துக்கு போகும். நம்ம விரல் படறது, கவர்ல ஈரம் கோத்து நிக்கறது, பூசணம் முதல்ல பிடிக்கறது எல்லாம் அந்த ஓரத்துலதான். அப்ப என்னாகும், படம் ரெண்டு மணி நேரம் சூப்பரா ஓடி, கரெக்டா ஹீரோயின் உண்மைய சொல்ல வாய திறக்கறப்ப கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்கும்.

இதுலயும் ஒரு தமாஷ் இருக்கு. விசிடில ஒரு டிஸ்க்குக்கு 74-ல இருந்து 80 நிமிஷம்தான் கொள்ளும், அதனால நம்ம படம் ரெண்டு மூணு டிஸ்க்கா வரும், முதல் டிஸ்க் ஓரம் போச்சுன்னா இடைவேளை போகும், கடைசி டிஸ்க் ஓரம் போச்சுன்னா கிளைமாக்ஸ் போகும். டிவிடில 8.5 ஜிபி ரெட்டை லேயர் டிஸ்க், அதாவது படம் ரெண்டு அடுக்கா பதிஞ்சது இருக்கு பாருங்க, அதுல லேசர் நடுவுல இருந்து ஓரத்துக்கு போய், அங்க லேயர் மாறி திரும்ப நடுவுக்கே வரும். அதாவது ஓரத்துல இருக்கறது படத்தோட நடுப்பகுதி. அதுல பூசணம் பிடிச்சா இடைவேளை பக்கம் மட்டும் திக்கித் திக்கி, கிளைமாக்ஸ் பளிச்சுன்னு ஓடும். டிஸ்க் எந்த இடத்துல திக்குதுன்னு வெச்சே அது ஒத்தை லேயரா ரெட்டை லேயரான்னு இப்பல்லாம் நானே சொல்லிடுவேன். வீட்டுல யாரும் இதுக்கு கை தட்ட மாட்டேங்கறாங்க.

கழுவுறது பத்தி கேக்கறவங்களுக்கு. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் வெளக்குற லிக்விட் ஒரே ஒரு சொட்டு, விரல் நுனியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டுல தடவணும். வட்டமா சுத்தி சுத்தி தேய்க்கவே கூடாது, கீறல் விழுந்தா அது டிராக் போற வழியாவே நீளமா விழுந்துடும், அதை பிளேயரால சமாளிக்க முடியாது, குறுக்க விழுந்த கீறல்னா தாண்டிப் போயிடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் அழிக்கறது எதுவும் வேணாம், அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெள்ளையா மங்கிடும், என்கிட்ட ஒரு ரஜினி படம் அப்படி போயிருக்கு, அந்த பாவம் என்னோடதுதான். விசிடில இன்னொரு எச்சரிக்கை, படம் இருக்கறது நாம பாத்துப் பாத்து துடைக்கற கீழ்ப்பக்கம் இல்ல, மேல லேபிளுக்கு அடியிலயே ஒட்டி இருக்கு. லேபிள் பக்கம் நகத்தால சுரண்டினீங்கன்னா அலுமினியப் பூச்சோட சேந்து படமே உரிஞ்சு வந்துடும். கழுவினதும் பல்புக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பாருங்க, பொட்டு பொட்டா வெளிச்சம் தெரிஞ்சா அது பூசணம் இல்ல, உள்ள அலுமினியமே அரிச்சுப் போச்சு, அதுக்கு வைத்தியம் கிடையாது.

பூசணம் பிளாஸ்டிக்க தின்னாது, விரல் ரேகைல இருக்கற எண்ணெய், கவர் அட்டை, பசை இதத்தான் தின்னும்னு நான் எங்கப்பாகிட்ட பெருசா விளக்கிட்டு இருந்தேன். (மத்திய அமெரிக்கால பெலிஸ்னு ஒரு நாட்டுல நிஜமாவே ஒரு சிடிய பூஞ்சை அரிச்சு தின்னுட்டதா 2001-ல செய்தி வந்துச்சு, அது தனிக் கதை.) அப்பா கேட்டுட்டு சிரிச்சாரு. "டேய், பிலிம்ல பூசணம் பிடிச்சா பாத்திருக்கியா? மேல பூசறதே ஜெலட்டின், மாட்டெலும்புல எடுக்கறது. அதுக்கு அது பிரியாணி மாதிரி."

அப்பா ஹெச்பிஎஃப்ல வேலை பாத்தவரு. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், ஊட்டி இந்துநகர்ல இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல மத்திய அரசு ஆரம்பிச்ச கம்பெனி, கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கதான் செஞ்சாங்க. இப்ப கம்பெனி இல்ல, பஸ்ல மட்டும் இன்னும் ஹெச்பிஎஃப்னு டிக்கெட் கேக்கறோம். அப்பா இருந்தது கோட்டிங் பக்கம், பிலிம் மேல அந்த மருந்து பூசற இடம், வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சுங்கறதால கும்மிருட்டு. சுவத்த தடவிட்டே நடப்பாங்களாம், எதிர்ல ஆள் வந்தா மோதிக்காம இருக்க குரல் கொடுப்பாங்களாம். வெளிய வர்றப்ப ஊட்டி பனி கூட கண்ணு கூசும்னு சொல்வாரு. அந்த மனுஷன் இருபது வருஷம் சினிமாவுக்கு பிலிம் செஞ்சிட்டு தியேட்டருக்கு போனது விரல் விட்டு எண்ணிடலாம். இப்ப என்கூட ராத்திரி உக்காந்து எல்லாப் படத்தையும் பாக்கறாரு, கம்பளிய போத்திக்கிட்டு, வர்க்கிய டீல முக்கிக்கிட்டு, கதைய விட்டுட்டு எந்த இடம்னு கண்டுபிடிக்கறதுலதான் குறியா இருக்காரு.

இந்த ரெண்டு வாரத்துல பாத்ததுல மொதல்ல உயிரே, 1998, ரெட்டை லேயர் டிவிடி. தைய தையா பாட்டு நம்ம நீலகிரி ரயில் மேல எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு தடவை பாத்தோம்னு சொல்ல முடியாது, ரிமோட்ட அப்பா வெச்சிருந்தாரு, நிறுத்தி நிறுத்தி "இது லவ்டேல் பக்கம்", "இல்லப்பா பின்னாடி மலைய பாருங்க, குன்னூருக்கு கீழ", "நீ ஏன்டா சண்டைக்கு வர்ற, அந்த வளைவுல நான் நடந்து போயிருக்கேன்"னு ஆறு நிமிஷப் பாட்டு முக்கால் மணி நேரம் ஓடுச்சு. சந்தோஷ் சிவன் கேமராவ பாராட்டுறதுக்கு எங்களுக்கு நேரமே இல்ல. இடைவேளை பக்கம் வழக்கம்போல திக்குச்சு, ஒத்தை தடவை, மறுபடி கழுவினதும் சரியாயிடுச்சு.

அப்புறம் டேவிட் லீன் கடைசியா எடுத்த எ பாஸேஜ் டு இந்தியா, 1984, இது ப்ளூரே. கோயம்புத்தூர்ல உக்கடம் பக்கம் பழைய புஸ்தகக் கடைல சமையல் புக்குகளுக்கு நடுவுல கிடந்துச்சு, 150 ரூபா சொன்னாரு, பேரம் பேசக்கூட தோணல. குகைய பாக்க போற ரயில் நம்ம ரயில்தான், குகை மட்டும் பெங்களூர் பக்கம் சாவன்துர்கால எடுத்தாங்க, படத்துல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கற மாதிரி வருது. சினிமால மலைய எங்க வேணா தூக்கி வைக்கலாம் போல. ப்ளூரேல பூசணம் ரொம்ப கம்மிதான், மேல கெட்டியா ஒரு பூச்சு இருக்கு, கீறலும் சுலபத்துல விழாது. ஆனா படம் இருக்கற லேயர் மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் கீழதான், டிவிடில 0.6, அதனால லேசா அழுக்கு பட்டாலும் பிளேயர் முகம் சுளிக்கும். நடுவுல ஒரு தடவை "டிஸ்க் இல்லை"ன்னு காட்டுச்சு, நான் பதறிட்டேன், அப்புறம் பாத்தா ஹீட்டர பக்கத்துல வெச்சதுல லென்ஸ்ல ஆவி படிஞ்சிருக்கு. அரை மணி நேரம் சும்மா விட்டா சரியாயிடும், மலைல பிளேயர் வெச்சிருக்கறவங்க மெக்கானிக்க கூப்பிடறதுக்கு முன்னாடி இத ட்ரை பண்ணுங்க.

மூடுபனி விசிடில பாத்தது பெரிய தப்பு. பாலுமகேந்திரா எடுத்தது, 1980, இளையராஜாவுக்கு நூறாவது படம். வெளிய பனி, உள்ளயும் பனின்னு ஆசையா போட்டேன். விசிடி படம் 352க்கு 288, மொத்தமா ஒரு லட்சம் புள்ளிதான், என் டிவில இருக்கறது இருபது லட்சத்துக்கு மேல, ஒரு புள்ளிய இருபதா இழுத்து காட்டணும். அது கூட பரவால்ல, பனிதான் விசிடிக்கு ஆகவே ஆகாது. படத்த சின்ன சின்ன சதுரமா வெட்டி அடக்கி வெச்சிருக்காங்க, முகம், மரம் மாதிரி கோடு உள்ளத சமாளிச்சுடும், வெள்ளைல இருந்து சாம்பலுக்கு மெதுவா கரையற பனிய அதால அடக்க முடியாது, படிப்படியா சதுரம் சதுரமா நிக்கும். செங்கல் அடுக்கின மாதிரி பனி. ஜன்னல திறந்து வெளிய பாத்துக்கிட்டே 'என் இனிய பொன் நிலாவே' மட்டும் கேட்டேன், ஜேசுதாஸ் குரலுக்கு பூசணம் எதுவும் இல்ல.

கடைசில மூன்றாம் பிறை. இத கழுவாம தள்ளிப் போட்டுட்டே வந்தேன், காரணம் இருக்கு. 2008 வாக்குல குன்னூர்ல வாங்கின விசிடி, ரெண்டு டிஸ்க். அப்பெல்லாம் மோசர் பேர்னு ஒரு கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு இறக்கி, டீக்கடை பக்கத்துல கூட படம் தொங்குன காலம் (அந்த கம்பெனியையும் 2018-ல கலைச்சுட்டாங்க). அந்த ரெண்டாவது டிஸ்க் ஓரத்துலதான் எங்க ஊர் இருக்கு. கடைசி காட்சி கேத்தி ஸ்டேஷன், ரயில்ல ஸ்ரீதேவி, பிளாட்பாரத்துல கமல். எங்க வீட்டுல இருந்து நடந்தா இருபது நிமிஷம். இத்தனை வருஷத்துல அந்த ஸ்டேஷன விசிடில நாங்க முழுசா பாத்ததே இல்ல, போர்டு வரும், ரயில் வரும், கமல் ஓட ஆரம்பிப்பாரு, அவ்ளோதான், அப்புறம் பச்சைக் கட்டம். போன்ல தட்டினா வருதேன்னு கேப்பீங்க. வருது. ஆனா என் டிஸ்க்ல வரணும்ல.

கழுவினேன், பல்புக்கு நேரா பிடிச்சேன், ஓரம் பூரா நட்சத்திரம். செத்துப் போச்சு.

கொடைக்கானல்ல ஒரு நண்பர் இருக்காரு, அவரும் நம்ம கேஸ்தான். எப்ப பேசினாலும் குணா 1991, எங்க ஊரு குகைன்னு ஆரம்பிப்பாரு, 2024-ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்ததுக்கப்புறம் கேக்கவே வேணாம், டெவில்ஸ் கிச்சன்னு பேர் இருந்த இடம் கமலாலதான் குணா குகை ஆச்சுன்னு ஒரு ஸ்பீச் கொடுத்துட்டுதான் விஷயத்துக்கே வருவாரு. அவர்கிட்ட மூன்றாம் பிறை இருந்துச்சு, முதல் டிஸ்க் உடைஞ்சு போய் ரெண்டாவது மட்டும். என்கிட்ட முதல் டிஸ்க் மட்டும். பழைய பாத்திரக்காரன் மூடி தேடற கதை. நான் ரெண்டு குணா டிவிடில ஒண்ண அனுப்பறேன்னு சொன்னதும் மறுநாளே கொரியர் போட்டாரு.

செவ்வாக்கிழமை ராத்திரி ஓட்டினோம். டிஸ்க் மாத்தறப்ப அப்பா திடீர்னு, "இந்தப் படம் இங்க எடுத்தப்ப எல்லாரும் பாக்க போனாங்கடா, எனக்கு அன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்டு"ன்னாரு. இது வரைக்கும் என்கிட்ட சொன்னதே இல்ல. "லீவு போட்டிருக்கலாம்லப்பா?" "எதுக்கு? கூட்டத்துல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஷிஃப்ட்லயும் ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான்."

கேத்தி போர்டு வந்துச்சு. ரயில் வந்துச்சு. நான் மூச்ச பிடிச்சிட்டு இருந்தேன், பச்சைக் கட்டம் வரவே இல்ல, அந்த லட்சம் புள்ளியும் ஒழுங்கா நின்னுச்சு, சகதில கமல் தடுமாறி, தலைல பானைய வெச்சுக்கிட்டு ஆடி, கடைசி வரைக்கும். பாலுமகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் கமலுக்கு நடிப்புக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எத்தனை தடவை தெரிஞ்ச முடிவுதான். திரும்பி அப்பாவ பாத்தா அவரு டிவி பக்கத்துல போய் குனிஞ்சு நிக்கறாரு, கமலுக்கு பின்னாடி எதையோ விரல வெச்சு தேடிட்டு இருக்காரு.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டு. அந்த கற்பூர மரம் இப்ப இருக்கா?"

மழை விட்டதும் ரெண்டு பேரும் போய் பாக்கறதா இருக்கோம். இன்னும் விடல.