அந்த எஃகு மூடி எங்கே போனது?

மனிதன் செய்த பொருட்களில் அதிவேகமானது எது என்று கேட்டால், "பாதாளச் சாக்கடை மூடி" என்று சொல்ல ஆள் இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 27-ல் நெவாடாவில் நடந்த பாஸ்கல்-பி அணுகுண்டுச் சோதனையில் பறந்துபோன மூடி அது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்குக்கு 38 நாள் முன்பே விண்வெளிக்குப் போய்விட்டதாம்.

சாக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுமார் 150 மீட்டர் ஆழக் குழியின் வாயில் பற்றவைத்த எஃகுத் தகடு: தடிமன் 10 செ.மீ., எடை ஏறக்குறைய 900 கிலோ. குண்டுக்குச் சற்று மேலே இருந்த கான்கிரீட் அடைப்பு வெடிப்பில் ஆவியாகி, குழி வழியே சீறி வந்து தகட்டைப் பிய்த்து எறிந்தது. மில்லிநொடிக்கு ஒரு படம் எடுத்த கேமராவில் தகடு ஒரே ஒரு படத்தில்தான் தெரிந்தது. ஒரு படத்தை வைத்து வேகம் சொல்ல முடியாது. 'இதற்குக் குறையாது' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிறகு "விடுபடு வேகத்தைப்போல் (பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்ப வேண்டிய வேகம்) ஆறு மடங்கு", அதாவது நொடிக்கு 66 கி.மீ. சொச்சம், எங்கிருந்து வந்தது? லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தின் விஞ்ஞானி ராபர்ட் பிரவுன்லீ போட்ட கணக்கு. அதில் தகட்டுக்கு மேலே காற்றே கிடையாது, வெறும் வெற்றிடம்.

அந்த எண்ணை நம்புகிறவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ அந்த வேகத்தில் போக சுமார் 2 லட்சம் கோடி ஜூல் வேண்டும், டி.என்.டி. வெடிமருந்துக் கணக்கில் 470 டன். குண்டின் மொத்த ஆற்றலே 300 டன்தான்! அதிலும் பெரும்பகுதி பாறையை உருக்கவே போயிருக்கும்.

அதில் பாதி வேகம் என்றாலும் காற்று விடாது. தகட்டில் சதுர செ.மீ.க்கு 78 கிராம் எஃகு. அதன் தலைக்கு மேலே சதுர செ.மீ.க்கு 900 கிராம் அளவுக்குக் காற்று. படுக்கைவாட்டில் பறந்தால் தன் எடையைப்போல் பதினோரு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். முன்னால் நசுங்கும் காற்றின் சூட்டிலேயே உருகிச் சிதறியிருக்கும் என்பதுதான் என் கட்சி.

உண்மையான சாதனை சூரியனை ஆராயும் நாசாவின் பார்க்கர் விண்கலத்துடையது: 2024 டிசம்பர் 24-ல் நொடிக்கு 192 கி.மீ. அந்த வேகம் எஞ்சின் தந்ததல்ல, சூரியனை நோக்கி விழுந்து கிடைத்தது. அப்படி விழுவதற்கே, பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றிய வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்காக ஏழு முறை வெள்ளிக் கோளை ஒட்டிப் பறந்தது. சூரியனைத் தாண்டி மறுபடி மேலேறும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாதையின் மறுகோடியில் வேகம் நொடிக்குச் சுமார் 12 கி.மீ.தான். அந்த நேரத்தில், 17 கி.மீ. வேகத்தில் விலகிப் போய்க்கொண்டிருக்கும் கிழட்டு விண்கலம் வாயேஜர்-1 வேகத்தில் அதை முந்திவிடும்.