கச்சான் காற்றைக் கணக்கில் எடுத்த ஒரு சைக்கிள் பாதை

திருகோணமலையில் இருந்து குச்சவெளி வரை சென்று திரும்ப ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆகும். பெரிய ஏற்றங்கள் இல்லாத இப்பாதையில் காற்றும் வெயிலுமே உண்மையான சோதனை என்பதால், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கில் இருந்து வீசும் கச்சானை வைத்தே நான் பயணத்தைத் திட்டமிடுகிறேன். வடக்கே போகும்போது அது பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் இருந்து தள்ளிவிடும்; அந்த வேகத்தை நமது கால்களின் பலம் என்று நம்பி புல்மோட்டைப் பக்கம் இன்னும் சிறிது தூரம் போகலாம் என்று நினைத்தால், திரும்பும் வழியில் நிலாவெளி உப்பளங்களைத் தாண்டுகையில் மறைப்பே இல்லாத வெளியில் காற்று சாய்வாக எதிர்த்து நின்று ஒவ்வொரு மிதிக்கும் விலை கேட்கும். ஆகவே விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் குச்சவெளியில் திரும்புவதே சரி.

விடிகாலையில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும் என்பதால் முன்விளக்கு கட்டாயம் வேண்டும். ரியூப்பும் பம்பும் கையோடு இருக்கட்டும். இறக்கக்கண்டிப் பாலத்தில் சற்று நின்று களப்பைப் பார்க்காமல் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

திரும்பும்போது திருகோணமலை நகரில் உள்ள அநுராதபுரச் சந்தியில் இருந்து உட்துறைமுக வீதிப் பக்கம் இறங்கினால், காலையில் திறந்த கடலைப் பார்த்த கண்களுக்கு அமைதியான துறைமுகமும் கிடைக்கும். வீடு சேர்ந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள். உப்புக்காற்று துருவை விரைவில் ஏற்றிவிடும்.