மத்யூஸ் என்றால் விட்டுவிடலாமா?

என்.எச்.எல். ஐஸ் ஹொக்கி லீக்கில் நட்சத்திர வீரர் ஒருவருக்குத் தடை விழுந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒப்பாரி தொடங்கிவிடும். "காசைக் கொட்டி ரிக்கெற் எடுத்தவன் அவனைப் பார்க்கத்தானே போறான்?"

2022 மார்ச்சில் ஹமில்ரனில் நடந்த திறந்தவெளி ஆட்டத்தில், வலைக்கு முன்னால் பஃபலோவின் டாலினும் எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸின் நட்சத்திரம் மத்யூஸும் தள்ளுமுள்ளுப்பட்டார்கள். கடைசியில் மத்யூஸின் மட்டை டாலினின் கழுத்தில் போய் இடித்தது. இரண்டு ஆட்டத் தடை. சரியான தண்டனைதான் என்று எழுதி, குழுவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பருவத்தில் மத்யூஸ் 73 ஆட்டங்களில் 60 கோல் அடித்தார், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும் வாங்கினார். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

தடை வேண்டாம், அபராதம் போடட்டும் என்பார்கள் சிலர். 2021 மே மாதம் மொன்றியல் வீரர் ஒருவரை முழங்கையால் இடித்ததற்கு எட்மன்ரனின் நட்சத்திரம் மக்டேவிட்டுக்கு விழுந்த அபராதம் 5,000 டொலர். லீக்கும் வீரர் சங்கமும் செய்திருந்த ஒப்பந்தத்தில் அப்போது அதற்கு மேல் போட இடமில்லை. அவருடைய சம்பள ஒப்பந்தமோ ஆண்டுக்கு சராசரி 1.25 கோடி டொலர். அவருக்கு இதெல்லாம் ஒரு காசா?

நட்சத்திரங்களை எப்போதும் காப்பாற்றுகிறார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. 2010 மார்ச்சில் சிகாகோவின் கேம்பல் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் ரப்பர் வட்டைத் துரத்திப் போகிறார், வாஷிங்ரனின் நட்சத்திரம் ஒவெச்கின் பின்னாலிருந்து தள்ளுகிறார், கேம்பலின் கழுத்துப்பட்டை எலும்பு உடைகிறது. இரண்டு ஆட்டத் தடை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் நட்சத்திரம் ஒன்றும் இல்லாத பிற்ஸ்பர்க்கின் மட் குக், வட்டை அடித்துவிட்டு நின்ற பொஸ்ரனின் சவார்டின் தலையைத் தோளால் இடித்திருந்தார். அவருக்குத் தடையே இல்லை! தோளால் தலையை இடிப்பது அப்போது விதிக்குள்தான் இருந்தது. அதற்கென்று 48ஆம் விதி அடுத்த பருவத்தில் வந்தது. சவார்டின் ஆட்ட வாழ்க்கையோ 2011 ஜனவரியோடு முடிந்துபோனது.

என் மகன் விளையாடும் சிறுவர் அணியின் சட்டையில், முதுகுப்புறம் கழுத்துக்குக் கீழே, தெருமுனையில் நிற்குமே, அந்தச் சிவப்பு எண்கோண 'நில்' பலகையைச் சின்னதாகத் தைத்திருப்பார்கள். பின்னாலிருந்து வருகிறவன் அதைக் கண்டால் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது யாருடைய ஆட்டத்தை? மாறி மாறி இறங்கும் குழுக்களில் கடைசியான நான்காவது லைனில் அடிதடிக்கென்று வைத்திருக்கும் ஆளுடையதையா?

அந்த ஆளை ஐந்து ஆட்டம் வெளியே உட்கார வைத்தால் பயிற்சியாளர் அடுத்தவனை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நட்சத்திரம் வெளியே உட்கார்ந்தால்தான் அணிக்கு உறைக்கும். 2019இல் ரம்பா பே 62 ஆட்டங்கள் வென்று கோப்பைக்கான பிளேஓஃப் சுற்றுகளுக்கு வந்தது. கோலும் கோலுக்கு உதவியதுமாக 128 புள்ளி எடுத்த அதன் நட்சத்திரம் குச்சரோவ், முதல் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், பலகையோரம் முழங்காலில் கிடந்த கொலம்பஸ் வீரரைப் போய் இடித்தார். மூன்றாவது ஆட்டத்துக்குத் தடை. ரம்பா நான்கு ஆட்டங்களையும் தோற்று வீட்டுக்குப் போனது. அவர் ஆடியிருந்தால் தொடர் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. சரி, மாறியிருக்கட்டும். எழும்பாமல் கிடந்தவனை இடித்ததற்கு ஒரு ஆட்டத் தடை குறைவு, மூன்று ஆட்டமாவது கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.