சிபியு ஒரு அறையில், மேசை இன்னொரு அறையில்

ஃபேன் இரைச்சலும் சூடும் வேண்டாம் என்று சிபியுவை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு, மேசையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வெப்கேம் மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது. சுவருக்கு அந்தப் பக்கம் 4 மீட்டர்தானே என்று தோன்றும். கதவு நிலையைச் சுற்றி, சுவரோரமாகக் கேசிங் பட்டியில் போனால் 12 மீட்டர் ஆகிவிடும். முதலில் ஒரு நூலைப் பிடித்து, கேபிள் போகிற வழியிலேயே அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கீபோர்டு வேலை செய்கிறது, அதனால் யுஎஸ்பி கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் நொடிக்கு 1.5 அல்லது 12 மெகாபிட் வேகத்தில் பேசுபவை. மட்டமான கம்பியிலும் ஓடிவிடும். வெப்கேம் 480 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. இன்னொன்று, பென் டிரைவில் தரவு சிதைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. வெப்கேமுக்கும் யுஎஸ்பி மைக்குக்கும் அது கிடையாது. போனது போனதுதான். படம் உறைந்து நிற்பது, குரல் விட்டுவிட்டுக் கேட்பது எல்லாம் இதனால்தான். கேபிளைச் சோதிக்க வெப்கேமைச் செருகிப் பாருங்கள்.

யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர் எல்லை என்பது கம்பி மெலிந்திருப்பதால் வந்ததல்ல. கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குக் கருவியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் பதில் வரவேண்டும். அதற்காக ஒரு கேபிளுக்கு 26 நானோநொடி தாமதம்தான் அனுமதி. தடித்த கம்பி போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் இடையில் சிக்னலைப் புதுப்பிக்கும் சில்லு உள்ள ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வேண்டும். பெரும்பாலும் அந்தச் சில்லு ஒரு ஹப், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவியில் இருப்பதே. வரிசையாக ஐந்து ஹப்புக்கு மேல் கூடாது. நீளக் கேபிளில் இரண்டு சில்லு, மேசையில் ஒரு ஹப், மானிட்டருக்குள் இன்னொன்று என்று எண்ணினால் ஐந்து சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கம்பியின் தடிமன் பாதிப்பது மின்சாரத்தை. கேபிள் உறைமேல் பொடி எழுத்தில் 28 ஏடபிள்யூஜி, 24 ஏடபிள்யூஜி என்று கம்பியின் தடிமன் எண்ணை அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும். 28 என்றால் மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 5 மீட்டர் கேபிளில் போக 5, வர 5, ஆக 10 மீட்டர், 2.1 ஓம். அரை ஆம்பியர் இழுக்கும் கருவியைச் செருகினால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 5 வோல்ட் 4-க்கும் கீழே இறங்கும். 24 என்றால் இழப்பு 0.4 வோல்ட்தான். கருவி திடீரென்று காணாமல் போய், திரும்ப வந்து, ‘டிங் டிங்’ என்று விண்டோஸ் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். சின்ன யுஎஸ்பி வோல்ட் மீட்டரை மேசைப் பக்கம் செருகி, எல்லாக் கருவியும் ஓடும்போது பாருங்கள், 4.75-க்குக் கீழே போகக் கூடாது.

12 மீட்டருக்கு என் சிபாரிசு: 15 மீட்டர் ஆக்டிவ் யுஎஸ்பி கேபிள் ஒன்று, மேசையில் தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்று. எல்லாக் கருவியும் அந்த ஹப்பில். மலிவான சில ஹப்புகள் அடாப்டர் மின்சாரத்தைக் கேபிள் வழியாகச் சிபியுவுக்கே திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மதர்போர்டில் விளக்கு எரிந்தால் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடலாம். எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியை இங்கே கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். யுஎஸ்பி 3-க்குச் சாதாரணக் கேபிளில் 3 மீட்டரே தாராளம்.

மானிட்டருக்கு வருவோம். 1080பி என்றால் 10 மீட்டர் வரை நல்ல செம்புக் கேபிளே போதும். 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் 5 மீட்டரைத் தாண்டும்போதே படம் விட்டுவிட்டுக் கறுக்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கி மவுஸ் இழுபடும். 12 மீட்டருக்கு, சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள்தான் நல்ல வழி. இதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்ற முனை சிபியுவுக்கு, ‘டிஸ்ப்ளே’ என்ற முனை மானிட்டருக்கு. பைப்புக்குள் மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது, திரும்ப உருவ வேண்டியதுதான். எச்டிஎம்ஐ பிளக்கின் தலை சுமார் 2 செ.மீ. அகலம்; சுவருக்குள் இருக்கும் முக்கால் இஞ்ச் பைப்பில் நுழையாது, ஒரு இஞ்ச் பைப்பிலும் வளைவில் மாட்டும். தலை கழலும் மாடல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பிரிண்டருக்கு நீள யுஎஸ்பியே வேண்டாம். லேன் போர்ட் இருந்தால் ரவுட்டரிலிருந்து ஒரு கேட் 6 நெட்வொர்க் ஒயர். 100 மீட்டர் வரை கவலையில்லை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ஒயரைத் தலையில் கட்டிவிடுவார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம்.

எர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு அறையிலும் வேறு வேறு ஃபேஸ் இருப்பது பிரச்சினை இல்லை. ஒரு பிளக் பாயிண்டில் எர்த் வராமல் இருப்பதுதான் பிரச்சினை. எச்டிஎம்ஐ கேபிளைச் சிபியுவில் செருகி, மறுமுனையை மானிட்டரில் செருகுவதற்கு முன், அந்தப் பிளக்கின் உலோக உறைக்கும் மானிட்டர் போர்ட்டின் உறைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. 80, 100 என்று காட்டினால் ஏதோ ஒரு பக்கம் எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே செருகுங்கள். ஆப்டிக்கல் கேபிள் என்பதால் தப்பிக்க முடியாது, பெரும்பாலானவற்றில் செம்புக் கம்பியும் கூடவே ஓடுகிறது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தாலும் இங்கேதான் தேட வேண்டும். எர்த் பின்னை வெட்டிவிடும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகப் பவர் பட்டன். மதர்போர்டில் அந்தப் பட்டன் ஒயர் வரும் இரண்டு பின்னிலிருந்து, இன்னொரு கேட் 6 ஒயரின் ஒரு ஜோடியை மேசைவரை இழுத்து, காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றை மாட்டினால் போதும். பழைய கீபோர்டு ஒன்று சிபியு பக்கத்திலேயே கிடக்கட்டும். சில யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன்கள், விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் வேலை செய்யாது.