கோத்தகிரிக் குளிரில் கடல் துடுப்பு

ஜனவரியில் அந்தமான் போகிறேன். மூச்சடக்கி மூழ்கவும், நீருக்கடியில் படம் எடுக்கவும். நேற்றுதான் காலில் மாட்டி நீந்தும் துடுப்பு பார்சலில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது.

எந்தத் துடுப்பு வாங்குவது என்று ஒரு மாதமாக இதே யோசனை. நீளத் துடுப்பு என்றால் ஒரே உதைப்பில் வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகலாம்; ஆழம் போக அதுதான் சுகம். ஆனால் கேமரா கையில் இருந்தால் கதை வேறு. பவளத்திட்டுப் பக்கம் திரும்பும்போது, காலுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். ஒரு தட்டு போதும், பல வருடம் வளர்ந்த பவளம் உடைந்துவிடும். மணல் கிளம்பினால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இரண்டு கையும் கேமராவில் இருப்பதால் உந்துவது, திரும்புவது எல்லாம் கால்தான்.

துடுப்பின் தகடு கார்பன் இழையில் என்றால் இலேசு, துள்ளலும் நன்றாக இருக்கும். பாறையில் இடித்தால் போச்சு, விலையும் அதிகம். அதனால் ஃபைபர் கிளாஸ், நடுத்தர நீளம், மிருதுவான தகடு. விறைப்பான தகடு தொடையைச் சீக்கிரம் களைக்க வைக்கும், அடக்கிய மூச்சும் வேகமாகத் தீரும்.

காலையில் இந்தக் குளிரில் துடுப்பில் கால் நுழைக்கும் ரப்பர் பகுதி கல் மாதிரி இருந்தது. வெந்நீரில் கொஞ்சம் நனைத்த பிறகுதான் நியோப்ரீன் (நுரை ரப்பர்) காலுறையோடு கால் உள்ளே போனது. குதிகால் ஆடவில்லை, விரல் நெரியவில்லை. அப்பாடா!

கூட நண்பர் ஒருவர் வருகிறார். தனியாக ஒருநாளும் மூழ்குவதில்லை.