32 காய்களும் முதல் நாளே வேண்டாம்

பள்ளியில் செஸ் வகுப்பு என்றால் பெரும்பாலும் 40 பிள்ளைகள், 20 போர்டு, ஒரு பீரியட். முதல் நாளே எல்லாக் காய்களையும் பரப்பினால் அடுக்கவே பத்து நிமிடம் போய்விடும். பாதிப் போர்டுகள் 90 டிகிரி திரும்பியிருக்கும். அவரவர் வலது கை ஓரத்தில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துச் சரிசெய்து முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும்.

அதனால் முதல் இரண்டு வகுப்புக்குச் சிப்பாய்கள் மட்டும் போதும். பக்கத்துக்கு எட்டு, எதிர்முனையை முதலில் எட்டியவர் ஜெயித்தார். நேராகப் போய்க் குறுக்கே வெட்டுவது என்ற அந்த விசித்திரம் நாலு ஆட்டத்தில் கைக்கு வந்துவிடும். எதிரெதிரே முட்டி நின்று யாராலும் நகர முடியாவிட்டால் டிரா. பின்னால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகரவும் வழியில்லை என்பதால் டிரா) சொல்லும்போது இது உதவும். அடுத்து ராஜா, பிறகு யானை, பிஷப், ராணி. குதிரை கடைசியில்.

மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த செஸ் ஒலிம்பியாடின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ பிள்ளைகளுக்குப் பிடித்த பொம்மை. ஆனால் போர்டில் அதிகம் தடுமாறுவதும் குதிரையில்தான். "ரெண்டு நேரே, ஒண்ணு பக்கத்துல" என்று சொன்னால், நிற்கும் கட்டத்தையே ஒன்று என எண்ணத் தொடங்கி ஒரு கட்டம் முன்னதாகவே திரும்பிவிடுவார்கள். எண்ணிக்கையைவிட நிறத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. வெள்ளையில் நிற்கும் குதிரை கருப்பில்தான் இறங்கும்; வெள்ளையிலேயே இறங்கினால் தப்பு.

வீட்டு விதிகள் வேறு வந்து சேரும். முதல் மூவில் இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் நகர்த்தலாம், கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்குப் பதில் வெட்டுப்பட்ட காயைத்தான் எடுக்கலாம் என்றெல்லாம். கற்றுக்கொடுத்தது தாத்தாவாக இருக்கும்; "தப்பு" என்று சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும். "அது வீட்டு ஆட்டம், போட்டியில் இப்படி" என்று சொன்னால் போதும்.

2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபின், எந்த ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) சொல்லித் தருகிறீர்கள் என்று பெற்றோர் கேட்பது சகஜம். ஆனால் ராணி முழுசாகக் கையில் இருந்தும் ஆட்டத்தை முடிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஓப்பனிங் எதற்கு? எதிரி ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ராஜா மூலைக்குப் போனதும் அந்த வித்தையை நிறுத்த வேண்டும். கருப்பு ராஜா எச்8-இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை) இருக்க, வெள்ளை ராணி ஜி6-க்கு வந்தால் ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஜெயித்த ஆட்டம் டிரா. அழுகை பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நாலு மூவ் மேட்டை (நாலே மூவில் ராஜாவை மடக்கி ஜெயிப்பதை) சொல்லித்தராமல் தப்ப முடியாது. யாராவது ஒருவர் யூடியூபில் பார்த்துவிட்டு வந்திருப்பார். வெள்ளை ஈ4, கருப்பு ஈ5, பிஷப் சி4, குதிரை சி6, ராணி எச்5. இப்போது ராணியை விரட்டுகிறேன் என்று குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால், ராணி எஃப்7-இல் வெட்டி மேட். சரியான பதில் சிப்பாய் ஜி6; ராணி எஃப்3 போனால் அப்போது குதிரை எஃப்6. இதை மனப்பாடமாகக் கற்ற பிள்ளை அடுத்த வாரம் வேறு விதமாக மாட்டும். எதிரி இரண்டாவது மூவிலேயே ராணியை எச்5-இல் வைப்பான். இவன் உடனே ஜி6 ஆடுவான். ஈ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. ராணி அதைச் செக்கோடு வெட்டி, அடுத்த மூவில் எச்8 யானையையும் தூக்கிவிடும். ஜி6-ஐவிட, ஈ5-ஐக் காக்கும் சி6 குதிரைக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதியை முதல் மாதம் கடுமையாக்க வேண்டாம். யோசிக்கும்போது கை மடியில் இருந்தால் போதும். போட்டிக்குப் போகும் முன் மூன்று வாரம் கறாராக நடத்தினால் பழகிவிடும். கிளாக் அமுக்குவதும் காயை நகர்த்திய அதே கையால்தான். இரண்டு கையையும் பயன்படுத்தும் பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும்.

காய்கள் தொலையும், அதிலும் சிப்பாய்கள். பத்து போர்டுக்கு ஒரு செட் உபரியாக வாங்குவது வழக்கம். ஒவ்வொரு செட்டின் பையிலும் ஒரு கூடுதல் வெள்ளை ராணி, ஒரு கூடுதல் கருப்பு ராணி போட்டு 34 என்று எண்ணி வாங்குங்கள். இல்லையென்றால் கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்குப் பதில் யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து "இதுதான் சார் ராணி" என்பார்கள். போட்டியில் நடுவர் வந்து பார்த்தால், கவிழ்த்து வைத்தாலும் அது யானைதான்.