கன்டெய்னர் நிற்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டில் 'ஸ்லீப் 600' என்று ஒரு வரி, 600 நொடி சும்மா காத்திரு என்று அர்த்தம். நானே எப்போதோ எழுதியதுதான். டாக்கரில் இரண்டு கன்டெய்னர்கள், அதாவது ப்ரோகிராமைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் ஏற்பாடு. ஒன்று டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் (மொத்தத்தையும் கோப்பாக எழுதும்), இன்னொன்று படங்களைச் சுருக்கும், இரண்டும் பின்னணியில் ஒரே நேரத்தில் ஓடும். 10 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அன்றைக்கு ஒரு கணக்கு. டேட்டாபேஸ் வளர்ந்தது, கணக்கு வளரவில்லை. நேற்று டம்ப் முடிய 11 நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்குள் பாதிக் கோப்பு வெளி சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரிக்கப் போனால் பாதியில் திக்கி நிற்கிறது.

ஸ்லீப்பைத் தூக்கிவிட்டு 'டாக்கர் வெயிட்' போட்டேன். பின்னால் இரண்டு கன்டெய்னர்களின் பெயர். இரண்டும் நிற்கும் வரை டெர்மினல் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. கன்ட்ரோல்-சி அடித்தால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டே அடித்துப் பார்த்தேன். காத்திருப்பு மட்டும்தான் கலைந்தது, கன்டெய்னர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மார்ச் 4, புதன்

வேலை செய்தது. ஸ்கிரிப்டின் பதிவேடான லாகில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பூஜ்யம். எக்ஸிட் கோட், அதாவது முடியும்போது விட்டுப்போகும் எண்; 0 என்றால் எல்லாம் நலம். பெயர் கொடுத்த வரிசையில்தான் அது வருகிறது, எது முதலில் முடிந்தது என்பதெல்லாம் வெயிட்டுக்குக் கவலையில்லை.

மார்ச் 9, திங்கள்

சனி, ஞாயிறு, இன்று அதிகாலை: மூன்று டம்ப் கோப்புகளும் 0 பைட். ஸ்கிரிப்டோ மூன்று நாளும் 'முடிந்தது' என்று எழுதிவைத்திருக்கிறது.

டேட்டாபேஸ் கடவுச்சொல்லை வெள்ளிக்கிழமை மாற்றினோம். பேக்கப்புக்குச் சொல்ல மறந்துவிட்டோம். அது சரி, பிழை வந்தால் அங்கேயே நிற்கச் சொல்லி ஸ்கிரிப்டின் தலையிலேயே 'செட் -இ' வைத்திருக்கிறேனே? அரை மணி நேரம் முறைத்த பிறகுதான் உறைத்தது. லாகில் மூன்று இரவும் 1, 0 என்று அச்சாகியிருக்கிறது. கன்டெய்னர் எந்தக் கோடோடு செத்தது என்பதை வெயிட் திரையில் எழுதிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். 'நான் ஒழுங்காகக் காத்திருந்தேன்' என்று தன் பங்குக்கு 0 திருப்பிவிடுகிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் பார்ப்பது அந்த 0-வைத்தான்.

இப்போது ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி வெயிட், வரும் எண்ணை ஒரு மாறியில் பிடித்து, பூஜ்யம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தம். ஒரே ஒரு கன்டெய்னர் என்றால் இந்தப் பாடே வேண்டாம். பின்னணிக்கு அனுப்பாமல் முன்னாலேயே ஓட்டினால் 'டாக்கர் ரன்' அந்தக் கோடைத் தானே திருப்பித் தரும்.

மார்ச் 10, செவ்வாய்

அதிகப்பிரசங்கித்தனம். தினமும் பழைய கன்டெய்னரை அழிக்கும் வரி எதற்கு என்று 'ரன்' வரியில், முடிந்ததும் தானே அழிக்கச் சொல்லும் '--ஆர்எம்' சேர்த்தேன். சோதிக்க வேண்டுமென்றே தப்பான கடவுச்சொல் கொடுத்தேன். டம்ப் ஒரு நொடிக்குள் செத்தது, டாக்கர் உடனே அதை அடக்கமும் செய்துவிட்டது. அப்புறம் வந்த வெயிட்டுக்குக் கிடைத்த பதில், அப்படியொரு கன்டெய்னரே இல்லை என்பதுதான். ஏன் செத்தது என்று பார்க்க லாகும் இல்லை. பழைய வரி திரும்ப வந்தாயிற்று: முதலில் வெயிட், பிறகு லாக், கடைசியில்தான் அழிப்பு.

மார்ச் 12, வியாழன்

பேக்கப்புக்கு முன் வேலை வரிசையைக் கவனிக்கும் கன்டெய்னரை நிறுத்துகிறோம். அது நிற்க எப்போதும் 10 நொடி. நெட்வொர்க் மெதுவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று ஒரு டெர்மினலில் வெயிட், இன்னொன்றில் 'ஸ்டாப்'. 10 நொடி கழித்து வெயிட் துப்பியது 137.

128-உடன் 9: சிக்னல் வந்து செத்தால் 128-உடன் அந்த சிக்னலின் எண். 9 என்பது சிக்கில், அதாவது கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. ஸ்டாப் முதலில் சிக்டெர்ம் அனுப்பி மரியாதையாகக் கேட்கிறது. 10 நொடியில் அசையவில்லை என்றால்தான் கொல்கிறது. எங்கள் கன்டெய்னரில் 1-ஆம் ப்ராசஸ், அதாவது முதலில் தொடங்குவது, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், நிஜமான ப்ரோகிராம் அதன் பிள்ளை. 1-ஆம் ப்ராசஸுக்கு லினக்ஸ் ஒரு சலுகை தருகிறது: தானாக ஏற்பாடு செய்துகொள்ளாதவரை சிக்டெர்ம் அதை ஒன்றும் செய்யாது. ஷெல் கண்டுகொள்ளவில்லை, பிள்ளைக்கும் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையை முடித்து எழுதிவைக்கும் கோட் ப்ரோகிராமில் இருக்கிறது, நானே எழுதினேன். ஒரு நாள்கூட அது ஓடியதில்லை!

ஸ்கிரிப்டின் கடைசி வரிக்கு முன்னால் 'எக்ஸெக்' என்று ஒரு சொல். ஷெல் இடத்தைக் காலி செய்ய, ப்ரோகிராமே 1-ஆம் ப்ராசஸ் ஆகிவிடுகிறது. கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜை மறுபடி கட்டி நிறுத்திப் பார்த்தேன். என்டர் அடித்து விரலை எடுப்பதற்குள் பக்கத்து டெர்மினலில் 0.

மார்ச் 14, சனி

டம்ப் டேட்டாபேஸில் ஏதோ பூட்டில் (lock) மாட்டிக்கொண்டு தொங்கியது, வெயிட்டும் விசுவாசமாகக் கூடவே தொங்கியது. அதற்குக் காலக்கெடு கொடுக்க வழியில்லை. முன்னால் 'டைம்அவுட் 1800' போட்டேன். அரை மணி தாண்டினால் 124 திரும்பும். ஆனால் சாவது வெயிட் மட்டும்தான் என்பது 3-ஆம் தேதியே பார்த்தது, அதனால் 124 வந்தால் கன்டெய்னரைத் தனியாக 'ஸ்டாப்' செய்ய ஒரு வரி.

சோதிக்க 1800-ஐ 5 ஆக்கினேன். 124 வந்தது, கன்டெய்னரும் நின்றது. 5-ஐத் திரும்ப 1800 ஆக்கினேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.